தங்கையின் இங்கிலீஷ் ஆக்சென்ட்டை மாற்றியே ஆக வேண்டுமா?

கெடிலக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் கடலூர், திருப்பாப்புலியூர் பக்கம். என் தங்கை பத்தாவது வரை இங்கேயே தமிழ் மீடியம், அப்புறம் பாண்டியில் இன்ஜினியரிங், இப்போது பெங்களூரில் ஒரு ஐடி கம்பெனியில் டெஸ்டிங்கில் இருக்கிறாள். வேலையில் கெட்டிக்காரி, டீமில் இருப்பவர்களே அதைச் சொல்கிறார்கள். போன அப்ரைசலில் அவளுடைய லீட், எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் உன் சவுத் இந்தியன் ஆக்சென்ட் ரொம்ப ஹெவி, கிளையன்ட் காலில் சங்கடமாக இருக்கிறது, சரிபண்ணிக்கொள் என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்கு வாயை மூடியவள்தான். கால் முழுக்க மியூட்டில் இருக்கிறாள், சொல்ல வேண்டியதையெல்லாம் சாட்டில் டைப் அடிக்கிறாள், ராத்திரி கண்விழித்து இவள் கண்டுபிடித்த பிழையை வேறொருவர் கிளையன்ட்டிடம் விளக்கிப் பெயர் வாங்கிக்கொண்டு போகிறார். எனக்கு வயிறு எரிகிறது.

அந்த லீட் உத்தரப்பிரதேசத்துக்காரர். அவர் ஸ்கிரீன் என்பதை இஸ்கிரீன் என்கிறார், ஸ்டேட்டஸ் என்பதை இஸ்டேட்டஸ் என்கிறார். அதை யாரும் ஹெவி என்று சொல்வதில்லை. கிளையன்ட் பக்கம் ஒருவர் பிரிட்டன், ஒருவர் டெக்சாஸ். டெக்சாஸ்காரர் பேசுவது என் தங்கைக்கே பாதி புரியவில்லையாம், ஆனால் அவரிடம் போய் ஆக்சென்ட்டை மாற்று என்று யாரும் சொல்லப்போவதில்லை.

இப்போது ஒரு ஆன்லைன் கோர்ஸில் சேரட்டுமா என்று கேட்கிறாள். 18,000 ரூபாய், மூன்று மாதத்தில் அமெரிக்கன் ஆக்சென்ட் வந்துவிடும் என்று விளம்பரம். பணம் பிரச்சினை இல்லை. ஆனால் பிறந்த ஊரின் வாசனையே பேச்சில் இருக்கக் கூடாது என்று பணம் கட்டிக் கழுவ வேண்டுமா என்பது என் கேள்வி. வெளிநாட்டில் இருப்பவர்கள், இந்தத் துறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: நம் இங்கிலீஷ் மற்றவர்கள் காதில் உண்மையிலேயே எப்படி விழுகிறது? வெள்ளைக்காரர்களுக்குள்ளேயே இப்படி ஊருக்கு ஊர் ஏற்ற இறக்கம் பார்க்கிறார்களா? அப்படி ஒரு தரவரிசை இருந்தால் அதில் நாம் எங்கே இருக்கிறோம்?

வில்லியனூர்_அக்கா:

தம்பி, நான் வில்லியனூர்க்காரி. இப்போது இங்கிலாந்தின் வடகிழக்கில், நியூகாசில் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸாக இருக்கிறேன். வெள்ளைக்காரர்களுக்குள் ஏற்ற இறக்கம் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு, அதுவும் நம் ஊரை விட அதிகமாகவே உண்டு.

ஐஇஎல்டிஎஸ் பரீட்சைக்காக நான் மாதக்கணக்கில் காதில் மாட்டிக்கொண்டு கேட்ட இங்கிலீஷ் வேறு, வந்து இறங்கிய இடத்தில் கேட்ட இங்கிலீஷ் வேறு. இந்தப் பக்கத்துப் பேச்சுக்கு ஜோர்டி என்று பெயர். சின்னக் குழந்தையை 'பேர்ன்' என்பார்கள், யாரைக் கூப்பிட்டாலும் 'பெட்' என்று பாசமாகக் கூப்பிடுவார்கள், வீட்டுக்குப் போகிறேன் என்பதை 'கான் யெம்' என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இடுப்பு ஆபரேஷன் முடிந்த ஒரு தாத்தா ஒருநாள் ராத்திரி பெல்லை அழுத்திவிட்டு 'நெட்டி, நெட்டி' என்று கத்துகிறார். என்னோடு டியூட்டியில் இருந்தவள் தெற்கே கென்ட்டிலிருந்து வந்த வெள்ளைக்கார நர்ஸ், பிறந்ததிலிருந்து இங்கிலீஷ் தவிர வேறு மொழி தெரியாதவள். அவள் போர்வையைத் தூக்கிப் பார்க்கிறாள், தலையணைக்கு அடியில் தேடுகிறாள், அவருக்கு என்ன வேண்டும் என்று அவளுக்கும் தெரியவில்லை. உள்ளூர் ஹெல்த்கேர் அசிஸ்டென்ட் ஒருத்தி ஓடிவந்து கமோடு நாற்காலியை உருட்டிக்கொண்டு போனாள். இங்கே வயசானவர்கள் கழிப்பறையை அப்படித்தான் சொல்வார்களாம். இங்கிலீஷ் தெரிந்தவர்களுக்கெல்லாம் எல்லா இங்கிலீஷும் புரிந்துவிடாது என்று உங்கள் தங்கையிடம் சொல்லுங்கள்.

தரவரிசை விஷயம். ஜோர்டி பேச்சை மற்ற ஊர்க்காரர்கள் ரசிப்பார்கள், நம்பிக்கையான, வெள்ளந்தியான ஆள் என்று நினைப்பார்கள். ஆனால் அதே வாயால் 'படித்த பேச்சு இல்லை' என்றும் சொல்வார்கள். பாவம் பர்மிங்காம்காரர்கள். அவர்கள் பேச்சை மந்தம், அழுமூஞ்சி என்று எல்லோரும் கிண்டல் அடிக்கிறார்கள், பல கணக்கெடுப்புகளில் அவர்களைக் கடைசியில் கொண்டுபோய் உட்கார வைக்கிறார்கள். லிவர்பூலுக்கும் அதே கதிதான். பெரிய பள்ளிக்கூடத்தில் படித்த தெற்கத்திப் பேச்சுக்கு மட்டும் எப்போதும் முன்வரிசை. இரண்டாம் உலகப்போர் சமயத்தில், 1941இல், பிபிசி வானொலியில் தேசியச் செய்தி வாசிக்க யார்க்ஷயர்க்காரரான வில்ஃப்ரெட் பிக்கில்ஸ் என்பவரைக் கொண்டுவந்தார்கள். அவர் செய்தி முடிவில் 'குட் நைட்' என்பதைத் தன் ஊர் வழக்கப்படி 'குட் நீட்' என்று சொல்வார். இந்தப் பேச்சில் வாசித்தால் செய்தியையே நம்ப முடியவில்லை என்று கடிதம் எழுதினார்கள். சொந்த நாட்டுக்காரர், சொந்த மொழி, குண்டு விழுந்துகொண்டிருக்கும் நேரம், அப்போதும் இப்படி.

என் அனுபவத்தில் நோயாளிகள் யாரும் என் பேச்சைக் குறையாகச் சொன்னதில்லை என்று சொல்ல மாட்டேன். சொன்னவர்கள் உண்டு. அதில் பாதிப்பேர் காது மந்தமான வயசானவர்கள், அவர்களுக்கு நான் கொஞ்சம் நிதானமாகப் பேசினால் போதும். மீதிப்பேர் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள். அவர்களுக்காக எந்தக் கோர்ஸும் உதவாது. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் ரொம்பக் கண்டிப்பு. மருந்து அளவு சொல்லும்போது 15, 50 என்று வெறுமனே சொல்லிவிட்டுப் போகவே மாட்டேன், ஒன் ஃபைவ், ஃபைவ் ஜீரோ என்று ஒவ்வோர் எண்ணாகச் சொல்லி, எதிராளியைத் திருப்பிச் சொல்ல வைப்பேன். அந்த இரண்டு எண்களும் எந்த ஆக்சென்ட்டிலும் குழப்பும்.

நைட்_ஷிப்ட்:

அக்கா சொல்வது மனசுக்கு இதமாக இருக்கிறது, ஆனால் நான் கொஞ்சம் மாற்றித்தான் சொல்வேன். எனக்கும் கடலூர்தான், ஓல்டு டவுன். சென்னையில் கால் சென்டரில் ஹெட்செட் மாட்டி, அப்புறம் புதுசாக வருகிறவர்களுக்கு வாய்ஸ் டிரெயினிங் கொடுக்கும் வேலைக்கு வந்தவன். 2000க்குப் பிறகு இந்தத் துறை இங்கே பெருத்தபோது ஆக்சென்ட் நியூட்ரலைசேஷன் என்று ஒரு பாடமே நடத்தினார்கள். பையன்களுக்கு அமெரிக்கப் பெயர் வைத்தார்கள், கிளையன்ட் ஊரில் அன்றைக்கு மழையா வெயிலா என்று மனப்பாடம் செய்ய வைத்தார்கள். இப்போது ஆள் பேசப் பேசவே ஆக்சென்ட்டை மாற்றிக் கொடுக்கிற ஏஐ மென்பொருள் வரைக்கும் வந்துவிட்டது. எனக்கு இதெல்லாம் பிடிக்கிறதா என்றால் இல்லை. ஆனால் அப்ரைசலில் எழுதிவிட்டார்கள் என்றால் அது சம்பளம். எல்லா ஆக்சென்ட்டும் சமம் என்று சொல்லி அந்தப் பெண்ணை அப்படியே விட்டுவிட்டால் நஷ்டம் அவளுக்குத்தான்.

ஆனால் 18,000 கட்டி அமெரிக்கன் ஆக்சென்ட் கோர்ஸ் வேண்டவே வேண்டாம். அதில் மூன்று மாதம் 'வாட்டர்' என்பதை 'வாடர்' என்று சொல்லப் பழக்குவார்கள். 'வாட்டர்' புரியாமல் எந்தக் கிளையன்ட்டும் போனை வைத்ததில்லை. கால்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு, எதிர்முனையில் ஆள் எங்கே 'சாரி?' என்று கேட்கிறார் என்று பார்த்துப் பார்த்துத்தான் நான் பாடம் எடுத்தேன். நம் ஆட்களிடம் மாட்டுகிற இடம் கொஞ்சம்தான்.

முதலாவது சொல்லின் தொடக்கத்தில் வருகிற ப, ட, க. இங்கிலீஷ்காரர்கள் அதைச் சொல்லும்போது வாயிலிருந்து ஒரு காற்று வெடித்து வரும். நமக்கு வராது, தமிழில் அப்படிக் கிடையாது. அதனால் நாம் மாட்டுகிற சட்டை 'கோட்' அவர்கள் காதில் ஆடாக விழும், 'பேக்' என்று மூட்டை கட்டச் சொன்னால் முதுகு என்று கேட்கும். தமிழில் எழுதினாலே இரண்டும் ஒன்றாகத்தானே இருக்கிறது. உதட்டுக்கு முன்னால் ஒரு பஸ் டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பார்க்கட்டும், முதல் ப-வுக்கு டிக்கெட் ஆட வேண்டும். ஒரு வாரம் போதும், பைசா செலவில்லை.

இன்னொன்று வெஸ்ட். மேற்கா, சட்டைக்குள் போடுவதா? மேற்குக்கு உதடு குவிய வேண்டும், சட்டைக்குள் போடுவதற்கு மேல்பல் கீழுதட்டில் பட வேண்டும். வடக்கத்தியர்களுக்கும் இதே தகராறு உண்டு, அந்த லீடையே சொல்லச் சொல்லிப் பாருங்கள்.

ஆனால் இதையெல்லாம் விடப் பெரியது அழுத்தம். நாம் எல்லா அசையையும் ஒரே எடையில் தட்டிக்கொண்டே போவோம், அதுவும் வேகமாக. இங்கிலீஷில் ஒரு அசை தூக்கலாக வரும், மற்றதெல்லாம் அமுங்கிப் போகும். ஃபோட்டோகிராஃப் என்றால் முதல் அசையில் அழுத்தம், எடுக்கிற ஆளைச் சொல்லும்போது 'ஃபொடாக்ரஃபர்' என்று இரண்டாவதற்கு நகர்ந்துவிடும், ஃபோட்டோகிராஃபிக் என்றால் மூன்றாவதற்குப் போய்விடும். அவர்கள் அந்தத் தூக்கலைப் பிடித்துக்கொண்டுதான் வார்த்தையை அடையாளம் காண்கிறார்கள். அழுத்தம் இடம் மாறினால் எழுத்து எல்லாம் சரியாகச் சொன்னாலும் வேறு வார்த்தையாகக் கேட்கும். டெவலப், ஹோட்டல், கமிட்டி, இப்படித் தங்கை தன் வேலையில் தினமும் சொல்கிற ஒரு ஐம்பது வார்த்தையை எழுதி, அகராதியில் அழுத்தக் குறி எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டால் முக்கால்வாசிப் பிரச்சினை தீரும். அதற்குப் பெயர் ஆக்சென்ட் மாற்றுவது இல்லை. ஊர் வாசனையும் போகாது.

கலாப்பட்டு_காற்று:

மொழியியல் படித்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நைட்_ஷிப்ட் அண்ணன் சொன்ன அழுத்தக் கணக்கு சரி. ஜெனிஃபர் ஜென்கின்ஸ் என்ற ஆய்வாளர் 2000இல் வெளியிட்ட ஆய்விலும் அண்ணன் சொன்ன இடங்களில் பலவற்றைக் காட்டுகிறார், சொல்லுக்குள் வருகிற அழுத்தத்தை மட்டும் அவர் அந்த அளவுக்கு முக்கியமாகச் சேர்க்கவில்லை. வெவ்வேறு தாய்மொழிக்காரர்கள் இங்கிலீஷில் பேசிக்கொள்ளும்போது வாக்கியத்தின் முக்கியமான அழுத்தம், குறில் நெடில் வித்தியாசம், சொல் தொடக்கத்து மெய்யொலிகள், இவை கெட்டால்தான் புரியாமல் போகிறது, 'திங்க்' என்பதன் முதல் ஒலியை எப்படிச் சொன்னாலும் யாருக்கும் புரியாமல் போவதில்லை என்பது அவர் கண்டது. குறில் நெடிலில் நமக்குக் கவலையே இல்லை, நம் எழுத்திலேயே அது இருக்கிறது. ஸ்பானிஷ்காரர்கள் கப்பலையும் ஆட்டையும் பிரித்துச் சொல்லத் திண்டாடுவார்கள், நமக்கு 'ஷிப்', 'ஷீப்' தானாக வரும்.

தரவரிசைக்கு வருகிறேன். தரவரிசை இருக்கிறது, ஆனால் அது ஒலியைப் பார்த்துப் போட்டது கிடையாது. இதற்குச் சாட்சி ஒரே ஓர் ஒலி, 'ர்'. கார், பார்க், ஃபோர்த் என்று நாம் ர்-ஐ முழுசாகச் சொல்கிறோம். லண்டன் பக்கத்துப் படித்தவர்கள் 'கா', 'பாக்' என்று இழுத்து விட்டுவிடுவார்கள், அங்கே ர்-ஐ உருட்டிச் சொன்னால் தென்மேற்குப் பக்கத்துப் பட்டிக்காட்டு ஆள் என்று அர்த்தம். நியூயார்க்கில் இது அப்படியே தலைகீழ். 1962இல் வில்லியம் லபோவ் என்ற மொழியியல் ஆய்வாளர் அங்கே மூன்று பெரிய கடைகளுக்குப் போனார். நான்காவது மாடியில் இருக்கிற ஏதோ ஒரு பொருளின் பெயரைச் சொல்லி எங்கே இருக்கிறது என்று சிப்பந்தியிடம் கேட்பார், அவர் 'ஃபோர்த் ஃப்ளோர்' என்று சொல்லித்தானே ஆக வேண்டும், காது கேட்காத மாதிரி இன்னொரு தரமும் கேட்பார், பிறகு அந்தப் பக்கம் போய் ர் வந்ததா இல்லையா என்று குறித்துக்கொள்வார். பணக்காரர்கள் வருகிற சாக்ஸ் கடையில் 62 சதவீதம் பேர் ஒரு தடவையாவது ர் சொன்னார்கள், நடுத்தரமான மேசீஸில் 51 சதவீதம், மலிவுக் கடையான க்ளைனில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான். அங்கே ர் சொன்னால் மரியாதை, லண்டனில் ர் விட்டால் மரியாதை. இதில் இன்னும் ஒன்று, அமெரிக்காவிலேயே அதற்கு ஒரு தலைமுறை முன்னால் ர் விடுவதுதான் பெரிய இடத்துப் பேச்சு, ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் பழைய வானொலிப் பேச்சைக் கேட்டால் தெரியும். ஒலி அதேதான். யார் வாயிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து அதன் மதிப்பு ஏறி இறங்குகிறது.

அக்கா பர்மிங்காமைச் சொன்னார்கள். 1970களில் ஹோவர்ட் கைல்ஸ், பீட்டர் ட்ரட்கில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிரிட்டன் பேச்சுகளை அந்த ஊர் எதையும் அறியாத வெளிநாட்டவருக்குப் போட்டுக் காட்டியபோது, பிரிட்டிஷ்காரர்கள் போட்ட வரிசை அவர்களிடம் வரவில்லை. ஊர் தெரியாதவருக்கு எது உசத்தி எது மட்டம் என்று தெரியாது, அவ்வளவுதான். நம்மிடமும் இதே கதைதான். கோவைத் தமிழ் என்றால் மரியாதை, மெட்ராஸ் பாஷை என்றால் ரவுடி, நம் பக்கத்து 'வந்துகினு', 'போயிகினு' என்றால் படிக்காதவன். இவை மூன்றையும் ஒரு பஞ்சாபிக்காரரிடம் போட்டுக் காட்டி எது கௌரவமான தமிழ் என்று கேட்டால் அவர் எதைப் பிடித்துச் சொல்வார்? கைல்ஸின் இன்னொரு சோதனையும் உங்கள் தங்கைக்குத் தெரிய வேண்டும். மரண தண்டனைக்கு எதிரான ஒரே வாதத்தை வெவ்வேறு ஊர்ப் பேச்சில் கேட்க வைத்தார். பெரிய இடத்துப் பேச்சில் கேட்டவர்கள் வாதம் ரொம்பத் தரமாக இருந்தது என்று பாராட்டினார்கள், ஆனால் நிஜமாகக் கருத்தை மாற்றிக்கொண்டவர்கள் ஊர்ப் பேச்சில் கேட்டவர்கள்தான்.

எனக்கு மிகவும் கோபம் வரவழைப்பது டொனால்ட் ரூபின் 1992இல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்கு ஓர் அமெரிக்கப் பெண் பேசிய ஒரே பாடப் பதிவைப் போட்டார்கள். ஒரு கூட்டத்துக்குத் திரையில் வெள்ளைக்காரப் பெண்ணின் படம், இன்னொரு கூட்டத்துக்கு ஆசியப் பெண்ணின் படம். ஆசிய முகத்தைப் பார்த்தவர்கள், இல்லாத வெளிநாட்டு ஆக்சென்ட்டைக் கேட்டதாகச் சொன்னார்கள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை, பாடத்திலிருந்து கேள்வி கேட்டபோது அவர்களுக்குப் புரிந்ததே குறைவாக இருந்தது. அதாவது காது முகத்தைப் பார்த்துக் கேட்கிறது. வாயைத் திறப்பதற்கு முன்பே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்று அக்கா எழுதியது இதைத்தான். லீட் உங்கள் தங்கையை 'ஹெவி' என்று சொல்லும்போது அதில் எவ்வளவு அவள் நாக்கில் இருக்கிறது, எவ்வளவு அவர் மனசில் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் எந்தக் கோர்ஸிலும் சேர்க்காதீர்கள்.

இன்னொரு விஷயம். கோ, டே என்று நாம் நீட்டி நேராகச் சொல்கிற உயிரொலி தப்பு, 'கோவ்', 'டெய்' என்று வளைக்க வேண்டும் என்று கோர்ஸ்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் நம்மைப் போலவே நேராகத்தான் சொல்கிறார்கள், ர்-ஐயும் விடுவதில்லை. தேங்க்ஸ் என்பதில் நாம் பல்லில் நாக்கை ஒட்டிச் சொல்கிற த-வை அயர்லாந்தில் பாதி ஊர் அப்படியே சொல்கிறது. எடின்பரோவிலும் டப்ளினிலும் அவை ஊர்ப் பேச்சு என்று போற்றப்படுகின்றன, கடலூரில் இருந்து வந்தால் திருத்த வேண்டிய பிழையாகிவிடுகின்றன.

சொல்தா_வீட்டுப்பிள்ளை:

இதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், எங்கள் வீட்டை இன்னும் சொல்தா வீடு என்றுதான் சொல்வார்கள். அவருக்கு பிரெஞ்சு நன்றாக வரும், இங்கிலீஷ் பிற்பாடு கற்றுக்கொண்டது. ஹ வராது, ஹவுஸ் என்பது 'அவுஸ்', 'திஸ் இஸ்' என்பது 'ஸிஸ் இஸ்', எல்லா வார்த்தையிலும் கடைசி அசையைத் தூக்குவார். நைட்_ஷிப்ட் அண்ணன் கணக்குப்படி பார்த்தால் அழுத்தம் முழுக்கத் தப்பு. ஆனால் சென்னையிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் தாத்தா இங்கிலீஷ் என்ன ஸ்டைல் என்று வாய் பிளந்து கேட்பார்கள். பக்கத்திலேயே என் அப்பா, முத்தியால்பேட்டையில் தமிழ் மீடியத்தில் படித்த இங்கிலீஷ் பேசுவார், அவர் பேசினால் பேச்சை மாற்றுவார்கள்.

நான் பாண்டி ஒயிட் டவுனில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் ரிசப்ஷனில் இருக்கிறேன். ஒருநாளில் எத்தனை இங்கிலீஷ் காதில் விழும் என்று கணக்கே இல்லை. ஆசிரமத்துக்கு வருகிற வங்காளிகள் 'வெரி குட்' என்பதை 'பெரி குட்' என்பார்கள். ஆஸ்திரேலியாக்காரர் டுடே என்பதை 'டுடை' என்பார், நான் முதலில் கேட்டபோது சாகப்போகிறேன் என்கிறாரோ என்று திடுக்கிட்டேன். மலையாளி ஆட்டோவை 'ஓட்டோ' என்பார். எல்லோருக்கும் ரூம் சாவி கொடுத்து, காலை டிபன் எத்தனை மணிக்கு என்று சொல்லி, பைக் வாடகைக்கு எடுத்துக் கொடுத்து, எல்லாம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

நான் கவனித்தது இதுதான். என் இங்கிலீஷ் பிரெஞ்சுக்காரர்களுக்குச் சுலபமாகப் புரிகிறது. அவர்கள் மொழியிலும் எல்லா அசையும் நம்மைப் போலவே ஒரே அளவில் வருகிறது, நான் முழுங்காமல் முழுசாகச் சொல்கிறேன் என்பதால் அவர்களுக்கு நிம்மதி. லண்டன்காரர் வந்து முழுங்கி முழுங்கிப் பேசினால் பக்கத்தில் இருக்கிற பிரெஞ்சுக்கார அம்மா என்னைத்தான் பார்ப்பார், என்ன சொல்கிறார் என்று. என் பேச்சை வைத்து முகம் சுளித்தவர்கள் யார் என்றால், சனிக்கிழமை பெரிய ஊர்களிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வருகிற நம் நாட்டுக்காரர்கள்தான். அவர்களிலும் எல்லோரும் இல்லை. ஆனால் முகம் சுளிக்கிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். நானே இங்கிலீஷ் பேசினால் பீட்டர் விடுகிறான் என்று ஊரில் சிரிக்கிறார்கள், பேசாவிட்டால் இங்கிலீஷ் தெரியாதவன் என்று வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். இரண்டு பக்கமும் சிரிப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் வேலை நடக்காது. உங்கள் தங்கை பேசட்டும் அண்ணா. மியூட்டில் இருக்க வேண்டாம்.

கெடிலக்கரை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ராத்திரியே தங்கைக்குப் போன் போட்டு முழுசாக வாசித்துக் காட்டினேன். அந்த ர் கதையை இரண்டு தரம் கேட்டாள். கோர்ஸ் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. ஒரு சந்தேகம் மட்டும். அவள் ஒரேயடியாக மியூட்டை எடுத்துவிட்டுப் பேச ஆரம்பித்தால் லீட் மறுபடியும் ஏதாவது சொல்வாரோ என்று பயப்படுகிறாள். அவரிடம் எப்படிப் பேசுவது?

நைட்_ஷிப்ட்:

சண்டை போடும் தொனியில் வேண்டாம், கேள்வியாகக் கேட்கட்டும். எந்தக் காலில், எந்த வார்த்தை கிளையன்ட்டுக்குப் புரியவில்லை என்று சொன்னீர்களானால் அதைச் சரிசெய்துகொள்கிறேன் என்று மெயிலில் கேட்கச் சொல்லுங்கள். குறிப்பாக எதுவும் இருந்தால் அவர் சொல்வார், அது அவளுக்கு லாபம். ஒன்றும் இல்லை என்றால் பதில் வராது, அடுத்த அப்ரைசலில் அந்த மெயில் அவள் கையில் இருக்கும். கூடவே, நான் கண்டுபிடித்த பிழைகளை நானே கிளையன்ட்டுக்கு விளக்குகிறேன், முதலில் ஒன்று மட்டும், இரண்டு நிமிஷம் என்று கேட்கட்டும். அந்த இரண்டு நிமிஷத்துக்கு முதல் மூன்று வாக்கியத்தை எழுதி வைத்துக்கொண்டு, எங்கே நிறுத்த வேண்டும் என்று கோடு போட்டுக்கொண்டு, சத்தமாகச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போகட்டும். நம் ஆட்கள் பயம் வந்தால் வேகம் கூட்டிவிடுவார்கள், அதுதான் ஆபத்து.

வில்லியனூர்_அக்கா:

இன்னும் ஒன்று தம்பி. அந்த டெக்சாஸ்காரர் பேசுவது புரியாவிட்டால் அவளும் கூச்சப்படாமல் திருப்பிக் கேட்கட்டும், 'சாரி, குட் யூ ரிப்பீட் தட்' என்று. இங்கே வார்டில் டாக்டரிடமே நாங்கள் அப்படித்தான் கேட்கிறோம், அவரும் எங்களிடம் கேட்கிறார். கோர்ஸுக்கு வைத்திருந்த பணத்தில் நல்ல மைக் உள்ள ஹெட்செட் ஒன்று வாங்கிக் கொடுங்கள். லேப்டாப் மைக்கில் ஃபேன் சத்தத்தோடு பேசினால் லண்டன்காரர் பேச்சே புரியாது.